நிலாவில் தண்ணீர், கண்மாயில் தண்ணீர்

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பக்கம் தரை தொட்டபோது நான் மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் சித்தப்பா வீட்டில் இருந்தேன். டிவியில் விஞ்ஞானிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம், சித்தப்பாவும் தட்டினார். அப்புறம் திண்ணைக்கு வந்து துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்: “ஏப்பா, நிலாவுல தண்ணி இருக்கான்னு தேடிப் போறாங்க, சந்தோசம். நம்ம கண்மாயில தண்ணி இருக்கான்னு யாராச்சும் பாக்குறாங்களா?”

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. அந்த ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். எங்கள் பக்கம் மானாவாரி நிலம். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, குதிரைவாலி. வானம் பார்த்த பூமி என்று சொல்கிறோமே, அதுதான். கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதருக்குக் கேட்கத் தோன்றும் மிக நியாயமான கேள்வி அது. “விண்வெளிக்குச் செலவழிப்பது தகுமா” என்று பத்திரிகைகள் பொதுவாகக் கேட்பதை அவர் தன் ஊர்க் கண்மாய்க்கரையில் வைத்துக் கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்கு நான் சொல்ல முயன்ற பதில். அன்று திண்ணையில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை.

முதல் பதில் எளிது. பார்க்கிறார்கள். நிலாவில் தண்ணீரைத் தேடும் முன்பிருந்தே பார்க்கிறார்கள். சந்திரயான்-1 போனது 2008-இல். நிலா மண்ணில் நீர் மூலக்கூறுகள் இருப்பதை அதன் கருவி காட்டியதாக அறிவித்தது 2009-இல். ஆனால் நம் மண்ணைப் படம் பிடிக்க ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் 1988 மார்ச்சிலேயே மேலே போய்விட்டது. அதற்கும் முன்னால், 1972 முதல், அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை உலகத்தையே படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2008 முதல் அந்தப் படங்கள் யாருக்கும் இலவசம். மேலூர்ப் பக்கம் குன்றுகள் கிரானைட் குழிகளானதை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்துப் பார்க்க வேண்டுமென்றாலும் அந்தப் படங்கள் போதும்.

எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலனும் குறையும் அதில்தான் இருக்கின்றன.

செயற்கைக்கோள் எடுக்கும் படம் நம் கல்யாண ஆல்பத்துப் படம் போன்றதல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது தனியாக அளக்கிறது. தண்ணீர் அந்த ஒளியை விழுங்கிவிடும். அதனால் நீர் நிற்கும் இடம் கறுப்பாக விழும். பச்சை இலை அதே ஒளியைத் திருப்பி அடிக்கும். இந்த அளவுகளுக்கு நிறம் கொடுத்து அச்சிடும்போது தழைத்த பயிர் ரத்தச் சிவப்பாகவும், தரிசு சாம்பலும் பச்சையும் கலந்தும் தெரியும். கண்மாய் எவ்வளவு பரப்புக்கு நிரம்பியிருக்கிறது என்பதை அந்தக் கறுப்பின் விளிம்பை வைத்து ஏக்கர் கணக்கில் சொல்லிவிடலாம். ஆழத்தைச் சொல்ல முடியாது. வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குக் கோலைப் போட்டுப் பார்க்கும் ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயம், எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பது. நம்முடைய ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோளின் லிஸ்-3 கேமராவுக்கு ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர்ச் சதுரம். நம் கணக்கில் அது பதிமூன்றரை சென்ட். அந்தப் பதிமூன்றரை சென்ட்டில் பாதி பருத்தியும் பாதி உளுந்தும் இருந்தால் இரண்டும் கலந்து ஒரே நிறமாகத்தான் விழும். ஐரோப்பாவின் சென்டினல்-2 படம் 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். அதுவும் இலவசம். சித்தப்பாவின் இரண்டு ஏக்கர் அதில் எண்பது புள்ளிகளாகத் தெரியும். நம்முடைய லிஸ்-4 கேமரா 5.8 மீட்டர் வரை, ஒரு சென்ட்டுக்கும் குறைவாகவே இறங்கிவிடுகிறது.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் செயற்கைக்கோளுக்கு அதுவும் பசுமைதான். ஜனவரிப் படத்தை மட்டும் பார்த்தால் நெல் வயலுக்கும் முள் காட்டுக்கும் குழப்பம் வரும். ஆனால் மே மாதப் படத்தைப் பாருங்கள். அறுவடை முடிந்து, புல்லெல்லாம் கருகி, ஊரே வெளிறிக் கிடக்கும்போது சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். நம்மைக் கஷ்டப்படுத்தும் அதே பிடிவாதம்தான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட நாட்களில் எந்தக் கண்மாயில் எத்தனை ஏக்கர் என்று ஊர் ஊராக விவாதம் நடந்ததே, அந்தக் கணக்கைப் போட இரண்டு மாதப் படங்களை ஒப்பிட்டால் போதும்.

சரி, மழைக்காலத்தில்? வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் இங்கே விதைப்பு. அப்போது மேலிருந்து பார்த்தால் மேகம்தான் தெரியும். இதற்குத்தான் ரேடார் செயற்கைக்கோள். அது சூரிய ஒளிக்குக் காத்திருக்காமல் தானே நுண்ணலையை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. மேகத்தையும் துளைக்கும், இரவிலும் வேலை செய்யும். தண்ணீர் கட்டி நடவுக்குத் தயாரான வயல், கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். நாற்று தூர் கட்டி எழும்ப எழும்ப அதே வயல் வெளிச்சமாகிக்கொண்டே வரும். அந்த வேகத்தை வைத்து எங்கே, எந்த வாரம் நட்டார்கள், பயிர் தேறுகிறதா என்பதைக் கணிக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடும் சுவிட்சர்லாந்து உதவியோடும் சேர்ந்து 2012 வாக்கிலிருந்து தமிழ்நாட்டு நெல் வயல்களில் இந்த முறையைச் செய்து பார்த்திருக்கிறது. பயிர்க் காப்பீட்டு வேலைக்கும் அது பயன்பட்டிருக்கிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள பெரியாறு இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர். வைகை அணையில் தண்ணீர் திறந்தபின் அதில் எத்தனை ஏக்கரில் உண்மையிலேயே நடவு நடந்தது, கடைமடைக்குப் போனதா என்பதை ஒவ்வொரு வரப்பாக நடந்து பார்க்காமலே சொல்லிவிடும் வழி அது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் போனது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள். உலகத்தின் நிலப்பரப்பு முழுவதையும் 12 நாளுக்கு ஒரு சுற்று பார்க்கிறது. நம் பங்கு 788 கோடி ரூபாய். சந்திரயான்-3-க்கு ஆன 615 கோடியைவிட அதிகம். சந்திரயான் இறங்கிய அன்று பட்டாசு வெடித்தவர்களில் எத்தனை பேருக்கு நிசாரின் பெயர் தெரியும்? நெல், கண்மாய், நிலத்தடி நீரை உறிஞ்சுவதால் மெல்ல இறங்கும் தரை என்று நம் அன்றாடத்துக்கு நேராக வரப்போவது அதுதான்.

இங்கே என் குடும்பத்துக் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் மக்காச்சோளம் பூட்டை வைக்கும் நேரத்தில் கருகிப்போனது. காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தோம். பக்கத்து பிர்காவுக்கு (பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதிதான் பிர்கா) இழப்பீடு வந்தது, எங்களுக்கு வரவில்லை. மானாவாரிப் பயிருக்கு விளைச்சல் கணக்கு பிர்கா அளவில்தான் எடுக்கிறார்கள்; பிர்காவில் நாலு இடத்தில் மழை பெய்திருந்தால் பெய்யாத ஐந்தாவது ஊருக்கும் அதே கணக்குதான். கேட்ட இடத்தில் “சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுது” என்றார்கள். எங்கள் ஊர் கருகியது அந்த வருஷத்துப் படங்களில் நன்றாகவே தெரிகிறது, நான் பிறகு பார்த்தேன். வானத்திலிருந்து பார்த்தாகிவிட்டது. பார்த்ததை எங்கள் மனுவோடு சேர்த்து வைக்கத்தான் யாரும் இல்லை.

விண்வெளிச் செலவு தகுமா என்ற வாதத்தில் எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இதுதான்: மேலே போட்ட பணம் வீணாகவில்லை, கீழே போடாத பணத்தால்தான் பலன் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இதற்கு எங்கள் ஊரைவிடப் பெரிய சாட்சி புயல்கள்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நடந்ததை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. ஊரே அழிந்தது. நம் கடலை நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று கவனிக்கும் செயற்கைக்கோள் அப்போது எதுவுமில்லை. இன்று 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் போன இன்சாட்-3டிஎஸ் ஆகியவை அரை மணிக்கு ஒரு படம் அனுப்புகின்றன. 2018 நவம்பரில் கஜா வந்தபோது எங்கே, எப்போது கரையேறும் என்பது நாள் கணக்கில் முன்னாலேயே தெரிந்திருந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. வேதாரண்யத்தில் புகுந்து திண்டுக்கல், கொடைக்கானல் வழியாக அது போனதில் தென்னையையும் வீடுகளையும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ஒரு ரயில் தெரியாமல் கடலுக்குள் போகும் நிலை வரவில்லை.

ஆனாலும் பெருமையை முழுக்கச் செயற்கைக்கோளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. 1999-இல் ஒடிசாவில் சுமார் பத்தாயிரம் பேர் செத்த பெரும்புயலின்போதும் நமக்குச் செயற்கைக்கோள் இருந்தது. புயல் வருவது தெரியாமல் போகவில்லை. 2013-இல் பைலின் அதே கரையை அடித்தபோது இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. நடுவிலே மாறியது என்ன? புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள், ஊர் ஊராக ஆட்களைப் பழக்கினார்கள், சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். முன்னறிவிப்பும் கூர்மையானது, உண்மை. ஆனால் அதைக் கையில் வாங்கி ஓடிய மனிதர்கள் இல்லையென்றால் அந்தக் கூர்மை வீண். 2017-இல் ஒக்கியின்போது நம் கன்னியாகுமரி மீனவர்களுக்கு நடந்தது அதன் மறுபக்கம். அவர்கள் ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்பவர்கள். கரையில் வாசித்த எச்சரிக்கை அவர்களை எட்ட வழியே இல்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகவே படகுக்குச் செய்தி போகும் கருவிகள் வரத் தொடங்கின. அவ்வளவு உயிர் போன பிறகு.

மழையையும் வானத்தையும் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. நம் பக்கத்துக் கதைதான், ஆனால் பலருக்குத் தெரியாது. தாது வருஷப் பஞ்சம், 1876–78. மதராஸ் மாகாணமே செத்து மடிந்தது. பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடிய அன்றைய விஞ்ஞானிகள் சிலருக்கு ஒரு சந்தேகம்: சூரியனில் வந்து போகும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்குமோ? அப்படியானால் சூரியனைத் தினமும் கவனிக்க வேண்டும். அந்த எண்ணம் வளர்ந்துதான் 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்தது. வத்தலக்குண்டு வழியாக மலையேறும் நாம் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறோம். பஞ்சத்துக்குப் பிறந்த அந்தக் கட்டடம் அங்கேதான் இருக்கிறது.

கரும்புள்ளிகளை வைத்து மழையைச் சொல்லிவிடலாம் என்ற அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. கணக்குப் பிள்ளை ஒருவர் 1920-இல் உட்கார்ந்து பார்த்திருந்தால் “செலவு வீண்” என்று எழுதியிருப்பார். ஆனால் 1909-இல் எவர்ஷெட் அங்கேதான் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அவர் பெயரில்தான் உலகம் அதை அழைக்கிறது. 1904 முதல் நாளுக்கு நாள் எடுத்த சூரியப் படங்கள் ஒரு நூற்றாண்டுச் சேமிப்பாக அங்கே இருக்கின்றன. இன்று சூரியப் புயல் அடித்தால் செயற்கைக்கோள் கெடும், மின்கட்டம் தடுமாறும். அதனால் சூரியனின் பழைய குணங்களைத் தெரிந்துகொள்வது இப்போது நேரடித் தேவையாகிவிட்டது. 2023 செப்டம்பரில் ஆதித்யா-எல்1 போனதும் அதற்குத்தான். அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். பஞ்சத்துக்காகத் தொடங்கிய வேலை பஞ்சத்துக்கு உதவாமல் வேறெதற்கோ, நூறு வருஷம் கழித்து உதவுகிறது. ஆராய்ச்சிச் செலவைக் கணக்குப் பார்ப்பதில் உள்ள உண்மையான சிரமம் இது.

அன்றாடத்தில் கரைந்துபோன பலன்களை வேகமாகவே சொல்லிக்கொண்டு போகலாம், ஏனென்றால் அவை எல்லோருக்கும் பழகிப்போனவை. எங்கள் சின்ன வயசில் மதுரை மொட்டை மாடிகளில் ஆளுயரத்துக்கு மேல் ஆன்டெனா வைத்து, பூஸ்டர் மாட்டி, இலங்கை ரூபவாகினியைப் பிடித்துப் பார்ப்போம். காற்றடித்தால் ஒருவர் மாடியேறித் திருப்ப, கீழிருந்து “தெரியுது, தெரியுது, போயிருச்சு” என்று கத்த வேண்டும். கேபிள்காரர் குடை வந்தது, எல்லாம் மாறியது. அந்தக் குடை பார்த்துக்கொண்டிருப்பது ஒரு செயற்கைக்கோளை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்திலிருந்து விடியும் முன் மாட்டுத்தாவணிக்கு மல்லிகை ஏற்றி வரும் வண்டியைச் செல்போனில் பார்த்துக்கொண்டே வியாபாரி விலை பேசுகிறார். 108-ஐ அழைத்தால் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டும் ஜிபிஎஸ்.

ஜிபிஎஸ் வழி காட்டுவது அதன் பாதி வேலைதான். அது உண்மையில் ஒரு கடிகாரம். செயற்கைக்கோளில் இருக்கும் அணுக் கடிகாரம் நேரத்தைச் சொல்ல, அந்தச் செய்தி வந்து சேரும் தாமதத்தை வைத்து நம் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தப்பாகும். அந்தத் துல்லியமான நேரத்தை வைத்துத்தான் பல செல்போன் கோபுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஆனால் ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் சொத்து. நமக்கென்று ஒன்று வேண்டும் என்றுதான் நாவிக் வந்தது. முதல் செயற்கைக்கோள் 2013-இல் போனது. அதில் வைத்த இறக்குமதிக் கடிகாரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நம்மவர்களே கடிகாரம் செய்து 2023-இல் அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் போன அடுத்தது, ஒரு வால்வு திறக்காததால் சேர வேண்டிய பாதைக்குப் போகவில்லை. அதே 2025 மே மாதம், மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் இஓஎஸ்-09 ரேடார் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்ற பிஎஸ்எல்வி தோற்றுப் போனது. நிலாவில் இறங்கியதைக் கொண்டாடும்போது இந்த இரண்டு இழப்புகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மக்காச்சோளத்துக்கும் படகுக்கும் உதவுவது இப்படிப்பட்ட செயற்கைக்கோள்கள்தான்.

இனி பணம். விண்வெளித் துறைக்கு 2025–26-க்கான மத்திய பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 13,416 கோடி ரூபாய். கேட்கவே மலைப்பாக இருக்கும். மொத்த பட்ஜெட் 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாயில் இருபத்தாறு, இருபத்தேழு பைசா. ஆளுக்கு வருஷத்துக்குத் தொண்ணூறு ரூபாய்ச் சொச்சம். அதே பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி, உர மானியத்துக்கு 1.6 லட்சம் கோடிக்கு மேல். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. அதாவது நாலு நாள் வட்டிப் பணத்தில் விண்வெளித் துறையின் ஒரு வருஷம் ஓடிவிடும். மதுரைக் கணக்கில் சொல்வதென்றால், திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டருக்குத் தீட்டிய மெட்ரோ திட்டத்தின் மதிப்பு 11,368 கோடி. நாடு முழுவதற்கும் ஒரு வருஷ விண்வெளிச் செலவு என்பது ஏறத்தாழ ஒரு மதுரை மெட்ரோ.

“அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே” என்பது அடுத்து வரும் பேச்சு. தோப்பூர் எய்ம்ஸ் திட்டத்துக்கு மதிப்பு சுமார் 1,978 கோடி. அடிக்கல் நட்டது 2019 ஜனவரியில். அதன் பிறகு எத்தனை வருஷம் அந்த இடம் எப்படிக் கிடந்தது என்று அந்த வழியாகப் போன எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாமதம் எனக்கும் வலிக்கிறது. அங்கே வைத்தியம் கிடைத்திருக்க வேண்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாமதத்துக்குச் சந்திரயான் காரணமில்லை. ராக்கெட்டை நிறுத்தியிருந்தால் அந்த 615 கோடி நேராகத் தோப்பூருக்கு வந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அதே நேரத்தில், ஆதரிப்பவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் நான் ஏற்கமாட்டேன். டெஃப்லான் தோசைக்கல்லும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையும் விண்வெளியின் கொடை என்று பள்ளிக்கூட மேடைகளில் இன்றும் பேசுகிறார்கள். டெஃப்லான் 1938-இல் கிடைத்தது. ஒட்டுப்பட்டையை யோசித்தவர் சுவிட்சர்லாந்துக்காரர், நாசா பிறக்கும் முன்பே. செல்போன் கேமராவுக்குள் இருக்கும் சிமாஸ் சில்லு 1990-களில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் உருவானது என்பது உண்மை, அதைச் சொல்லலாம். நம் விண்வெளித் துறையில் போட்ட ஒரு ரூபாய்க்கு 2.54 ரூபாய் திரும்பியதாக 2024-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் பிழைத்த உயிரையும் தவறிய விதைப்பையும் இப்படி ஒரே எண்ணுக்குள் அடக்கும் கணக்கை நான் அதிகம் சார்ந்திருக்க மாட்டேன்.

அப்படியானால் நிலாவுக்கும் செவ்வாய்க்கும் போவது? இதற்கு நான் கொடுக்கும் பதில் ஒரு எஞ்சின் வழியாகப் போகும். விகாஸ் எஞ்சின். பிரெஞ்சு வைக்கிங் எஞ்சின் தொழில்நுட்பத்திலிருந்து அதை இங்கே உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய நம்பி நாராயணன், நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்தவர். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் எஞ்சின்களைக் கட்டி வைத்து எரித்துப் பார்க்கிறார்கள். சந்திரயான்-3-ஐத் தூக்கிய ராக்கெட்டின் நடுப்பகுதியில் இருந்தவை இரண்டு விகாஸ். கஜா மாதிரிப் புயலைப் பார்க்கும் இன்சாட்-3டிஎஸ்ஸையும் நிசாரையும் ஏற்றிப் போன ராக்கெட்டிலும் அதே விகாஸ்தான். நிலா ராக்கெட்டுக்கு ஒரு பட்டறை, மழை ராக்கெட்டுக்கு வேறொரு பட்டறை என்று இல்லை. கடினமான பயணத்துக்காகத் தேறிய கைகள்தான் அன்றாடச் செயற்கைக்கோளையும் செய்கின்றன. அப்புறம், இராமேஸ்வரம் கலாம், கோதவாடி மயில்சாமி அண்ணாதுரை, விழுப்புரம் வீரமுத்துவேல் என்று பேர் வாசிக்கும்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு விலை போடத் தெரியாது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

மனிதரை அனுப்பும் ககன்யான் விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. 2018-இல் பத்தாயிரம் கோடிக்குள் என்று தொடங்கியது, 2024-இல் 20,193 கோடியானது. விக்ரம் சாராபாய் இந்தத் துறையைத் தொடங்கியபோது, பணக்கார நாடுகளோடு நிலவுக்கோ மனிதப் பயணத்துக்கோ போட்டி போடும் எண்ணம் நமக்கில்லை, நம் மக்களின் சிக்கல்களுக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதே நோக்கம் என்றுதான் சொன்னார். காலம் மாறியிருக்கிறது, நாடும் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் நாவிக்கின் எல்லாக் கடிகாரங்களும் சரியாக ஓடி, இஓஎஸ்-09 இடத்துக்கு ஒன்று போய்ச் சேர்ந்து, பிர்காவுக்கு ஒரு ஆளாவது படம் பார்க்கத் தெரிந்தவராக உட்கார்ந்த பிறகு அந்தச் செலவைச் செய்திருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும். பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள்களுக்கு முதல் பங்கு, தூர கிரகங்களுக்கு ஒரு நிதானமான இரண்டாவது பங்கு, மனிதப் பயணம் மூன்றாவது. என் வரிசை அது.

போன வருஷம் புரட்டாசியில் ஊருக்குப் போனபோது, எங்கள் கண்மாயின் இருபது வருஷத்துப் படங்களைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் வரிசையாகப் பரப்பினார். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. கோயிலையும் ரோட்டையும் காட்டினேன். அப்புறம் என்னைவிட வேகமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். இது அந்த வெள்ளம் வந்த வருஷம், இது மறுகால் பாய்ந்த வருஷம் என்று தேதியைப் பார்க்காமலே சொன்னார். ஒரு தாளில் நின்றார். எங்களுக்கு மேல் இருக்கும் கண்மாய் கறுப்பாக நிறைந்திருக்கிறது, எங்கள் கண்மாய் வெறும் வெளிறல். அதற்குப் பிந்தைய பல வருஷங்களிலும் அப்படியே.

“மழை பேயலேன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தோம்” என்றார். “மேல நெறஞ்சு போச்சு. நமக்கு வரலை. வரத்துக்கால் எங்கப்பா?”

விரலால் தேடினார். பழைய படத்தில் மெல்லிய கோடாக இறங்கி வந்த ஓடை, பிந்தைய படங்களில் பாதியில் ஒரு பச்சைச் சதுரத்துக்குள் போய் முடிந்திருந்தது. அது யார் நிலம் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்த இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வாங்கிப் பார்த்தார்கள், தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சர்வேயர் வந்து அளப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதும் வரை வரவில்லை. வாரம் ஒரு முறை சித்தப்பா போன் பண்ணி, புதுப் படம் வந்துவிட்டதா என்று கேட்கிறார்.